பிரிக்காத பெட்டி சொத்தா, செலவா? பழைய ராக்கெட் கிட்டும் அதோட நகலும்



"சொத்துப் பட்டியல் போடுவது எப்படி" வீடியோ போட்டதுக்கு அப்புறம், நிறைய பேர் உங்க எக்செல் ஷீட்டை அனுப்பி "சரியா இருக்கான்னு பாருங்க"ன்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் வழக்கமான தப்புகள்தான். குடியிருக்கற வீட்டை முதலீடுன்னு போடறது, எண்டோமென்ட் பாலிசியோட மெச்சூரிட்டி தொகையை இன்னைக்கே சொத்துல சேர்த்துக்கறது, மச்சானுக்குக் குடுத்த கைமாத்தை "வர வேண்டியது"ன்னு எழுதறது. (வராது.)

ஒரே ஒரு ஷீட் மட்டும் என்னை ரெண்டு நாள் யோசிக்க வெச்சது. அனுப்பினவர் என் பழைய கிளையன்ட். சொந்த ஊர் ஈரோடு, இப்ப இருக்கறது அமெரிக்காவுல, கொலராடோ மாநிலம், டென்வர் பக்கம். ஈரோட்டு வீட்டு வாடகைக்கு வருஷா வருஷம் இங்க ரிட்டர்ன் போடறது நான்தான். பேர் போடாம எழுதிக்கறேன்னு கேட்டு, அவர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன்.

அவர் ஷீட்ல இருந்த வரி இது: "மாற்று முதலீடு: பழைய மாடல் ராக்கெட் கிட், 41 எண்ணம், மதிப்பு 11,000 டாலர்." பக்கத்து கட்டத்துல குறிப்பு: "பாப்பா காலேஜுக்கு."

போன் பண்ணி, "அண்ணா, ராக்கெட்டுன்னா நம்ம தீபாவளி ராக்கெட்டா?"ன்னு கேட்டேன். "அட தம்பி, அதுக்கு இது தாத்தா"ன்னு ஆரம்பிச்சவர் ஒரு மணி நேரம் விடல. அந்த ஒரு மணி நேரத்துல நான் கத்துக்கிட்டதும், அப்புறம் நானா தேடிப் படிச்சதும், கடைசியா அவர்கிட்ட நான் சொன்ன கருத்தும்தான் இந்தப் பதிவு. ராக்கெட் உங்களுக்கு சம்பந்தமில்லாத விஷயமா இருக்கலாம். ஆனா பழைய வாட்ச், நாணயம், ஸ்டாம்ப், கேமரான்னு ஏதாவது ஒண்ணை "விலை ஏறும்"னு அலமாரில வெச்சிருந்தீங்கன்னா, கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல இது என்ன பொருள்னு சொல்லிடறேன். அட்டைக் குழாய், பால்சா மரத்துல வெட்டின ஃபின், மூக்குக் கூம்பு, ஒரு சின்ன பாராசூட். உள்ள ஒரு தடவை மட்டும் பயன்படற, கருமருந்து அடைச்ச எஞ்சின். மின்சார பட்டனை அமுக்கினா பல நூறு அடி மேல போகும், அங்க பாராசூட் விரியும், இறங்கி வரும், எஞ்சினை மாத்திட்டு மறுபடியும் விடலாம். இதோட ஆரம்பம் ஒரு செருப்புக் கடை. நெப்ராஸ்கா மாநிலம் நார்ஃபோக்ல செருப்புக் கடை வெச்சிருந்த ஆர்வில் கார்லைல், அவர் அண்ணன் தம்பி ராபர்ட்டோட சேர்ந்து 1954ல முதல் மாடலைச் செஞ்சார். அந்தக் காலத்துல பசங்க வீட்லயே மருந்து கலந்து ராக்கெட் பண்றேன்னு கையையும் கண்ணையும் இழந்துட்டு இருந்தாங்க. ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்துல வேலை பார்த்த ஹாரி ஸ்டைன், இந்த ஆபத்தைப் பத்தி ஒரு பத்திரிகைல எழுதினதைப் படிச்ச கார்லைல், 1957ல தன்னோட மாடலை அவருக்கு அனுப்பினார். அதுல இருந்துதான் இது ஒரு தொழிலாவே மாறுச்சு.

எஞ்சின் யார் செய்யறதுன்னு தேடினப்ப கிடைச்சவர் டென்வர்ல பட்டாசுத் தொழில் குடும்பத்துப் பையன் வெர்ன் எஸ்டஸ். அவர் கட்டின மெஷின் பேர் "மேபல்". 5.5 விநாடிக்கு ஒரு எஞ்சின் தள்ளும். 1961ல கம்பெனியை கொலராடோவுலயே பென்ரோஸ்ங்கற சின்ன ஊருக்கு மாத்தினார். அப்புறம் நிலாவுக்கு மனுஷன் போன காலம். அமெரிக்கப் பசங்க எல்லாரும் ராக்கெட் கட்டினாங்க. 1969ல எஸ்டஸ் தன் கம்பெனியை வித்துட்டார். போட்டியா அரிசோனாவுல இருந்த செஞ்சுரி கம்பெனி எண்பதுகள்ல நின்னு போச்சு. எஸ்டஸ் பிராண்ட் கை மாறி கை மாறி இன்னைக்கும் பென்ரோஸ்லதான் இருக்கு. நம்ம அண்ணன் வீட்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரம் போல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த 1960கள், 70கள் கிட்டுகள்ல பலது இப்ப கடைல கிடையாது. ஆசைப்படறவங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பிரிக்காத பழைய கிட்டை ஏலத்துல வாங்கறது. இன்னொண்ணு, பழைய செய்முறைத் தாளோட ஸ்கேனை வெச்சு, அதே அளவு குழாய், அதே ஃபின் வடிவம், பிரிண்ட் பண்ணின ஸ்டிக்கர்னு புதுசா ஒண்ணு கட்டறது. அங்க அதுக்குப் பேர் குளோன். அண்ணன் முதல் வழிக்காரர்.

அவருக்கு இதுல எப்படி ஆர்வம் வந்துச்சுன்னா, அவர் சின்ன வயசுல ஈரோட்ல இதைப் பார்த்ததே இல்ல. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா ஒருத்தர், பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஒரு ஞாயித்துக்கிழமை மைதானத்துல ராக்கெட் விட்டுக் காமிச்சிருக்கார். ரெண்டு வருஷம் கழிச்சு அந்தத் தாத்தா இறந்துட்டார். பசங்க வெளியூர்ல. வீட்டுச் சாமானை எல்லாம் கராஜ்ல பரப்பி வித்தாங்க. அதுல 14 கிட், மொத்தமா 600 டாலர்னு அண்ணன் வாங்கிட்டு வந்தார். அதுல ஒரே ஒரு கிட் மட்டும் நெட்ல 240 டாலருக்குப் போட்டிருந்ததைப் பார்த்ததும் அவர் மூளைல ஒரு பல்பு எரிஞ்சுது. அங்க ஆரம்பிச்சது 41ல வந்து நின்னுது. நடுவுல, பாப்பா பேர்ல மாசம் 250 டாலர் போட்டுட்டு இருந்த 529 காலேஜ் சேமிப்புத் திட்டத்தை நிறுத்தி வெச்சிருக்கார். "அதுல வர்றதை விட இதுல ஜாஸ்தி வரும் தம்பி." எனக்குத் தூக்கம் கெட்டது இந்த வாக்கியத்துலதான்.

நான் கேட்ட முதல் கேள்வி: 11,000ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சு?

ஈபேல அதே கிட்டுக்கு மத்தவங்க என்ன விலை போட்டிருக்காங்களோ அதைக் கூட்டிப் போட்டிருக்கார். நண்பர்களே, இது கேக்கற விலை. கிடைச்ச விலை இல்ல. நம்ம ஊர்ல இடம் விக்கறவர் "சென்ட் எட்டு லட்சம்"னு சொல்லுவார், மூணு வருஷமா சொல்லிட்டே இருப்பார். அது மாதிரிதான். ஈபேல "விற்றவை"ன்னு ஒரு வடிகட்டி இருக்கு, அதைப் போட்டா கடைசி 90 நாள்ல உண்மையிலேயே என்ன விலைக்குக் கை மாறுச்சுன்னு தெரியும். அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 41ல 29 கிட்டுக்குத்தான் விற்ற தகவலே இருந்துச்சு. மீதி 12க்கு ஒத்த மாடலை வெச்சு உத்தேசமா போட்டோம். மொத்தம் 6,900.

இதுல இருந்து விக்கற செலவைக் கழிக்கணும். ஈபே கட்டணம் சுமார் 13%, அதாவது 897 டாலர். (வாங்கறவர் குடுக்கற தபால் செலவு மேலயும் அந்தக் கட்டணம் உண்டு, அதை நான் சேர்க்கவே இல்ல.) பெட்டி, பபுள் ராப், டேப்புன்னு ஒண்ணுக்கு 5 டாலர் வெச்சா 205. கைக்கு வர்றது 5,798.

அவர் வாங்கின கணக்கு என்ன? கிட்டுகளுக்கு 5,200. வாங்கினப்ப குடுத்த தபால் செலவும் விற்பனை வரியும் சேர்ந்து 640. மொத்தம் 5,840.

நாலு வருஷம், 41 பெட்டி, ஒரு ரூம் முழுக்க அலமாரி. நிகர நஷ்டம் 42 டாலர். சும்மா சேவிங்ஸ் கணக்குல போட்டிருந்தா கூட இதை விட நல்லா இருந்திருக்கும்.

எங்க படிப்புல ஏஎஸ் 2ன்னு ஒரு கணக்கியல் தரநிலை இருக்கு. கையிருப்புச் சரக்கை, வாங்கின விலை, வித்தா செலவு போக கைக்கு வர்ற தொகை, இந்த ரெண்டுல எது குறைவோ அந்த மதிப்புலதான் காட்டணும். கடைக்காரருக்கு எழுதின விதிதான். ஆனா விக்கணும்னு நினைச்சு வீட்ல எதை வெச்சிருந்தாலும் மனசுல இந்த விதியைப் போட்டுப் பாருங்க. பாதிப் பேரோட "மாற்று முதலீடு" அங்கயே காத்துல போயிரும்.

அண்ணன் விடல. "இப்ப இல்ல தம்பி, இருபது வருஷம் கழிச்சுப் பாரு. 1970ல ரெண்டு டாலருக்கு வித்த கிட் இன்னைக்கு 150 டாலர்." சரி, அதையும் கணக்குப் போட்டேன். 55 வருஷத்துல 75 மடங்கு. கேக்கப் பிரமாதமா இருக்கு. கூட்டு வளர்ச்சில பார்த்தா வருஷத்துக்கு சுமார் 8.2%. அதே ரெண்டு டாலரை வருஷம் 10% வளர்ற ஒண்ணுல போட்டிருந்தா இன்னைக்கு 378 டாலர். அமெரிக்காவோட எஸ் அண்ட் பி 500 குறியீடு டிவிடெண்டையும் சேர்த்து நீண்ட காலத்துல சுமார் அந்த அளவு தந்திருக்கு. பணவீக்கத்தால மட்டுமே அந்த ரெண்டு டாலர் இன்னைக்கு 16-17 டாலர் ஆயிருக்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. அந்த 150 டாலர் கிட் ஏன் அவ்வளவு விலை போகுது? கூட விக்கப்பட்ட மத்ததெல்லாம் பசங்க பிரிச்சு, ஒட்டி, பறக்க விட்டு, மரத்துல மாட்டி, மழைல நனைஞ்சு போச்சு. இது மட்டும் யாரோ ஒருத்தர் பரண்ல மறந்து வெச்சதால தப்பிச்சது. அன்னைக்கு யாரும் இதை முதலீடுன்னு நினைச்சு வாங்கல. எல்லாரும் முதலீடுன்னு நினைச்சுப் பிரிக்காம வெச்சா, அம்பது வருஷம் கழிச்சு எல்லார்கிட்டயும் பிரிக்காத பெட்டி இருக்கும். அப்ப அதுக்கு என்ன விலை?

என்னோட பெரிய பயம் வேற. இந்தப் பொருளோட சப்ளை பூட்டி வெச்சது இல்ல. தங்கத்தை யாரும் மறுபதிப்புப் போட முடியாது. ராக்கெட் கிட்டைப் போடலாம், போட்டிருக்காங்க. எஸ்டஸ் கம்பெனியோட 'டெர் ரெட் மேக்ஸ்'னு கருப்பு சிவப்புல மண்டையோடு போட்ட ஒரு கிட் எழுபதுகள்ல பிரபலம். பிற்பாடு அவங்களே மறுபடி கொண்டு வந்துட்டாங்க. நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டோட நூத்துல ஒரு பங்கு அளவு கிட் முதல்ல வந்தது 1969ல. அதுக்கப்புறம் பல தடவை திரும்பி வந்திருக்கு, நிலா பயணத்தோட 50ம் ஆண்டான 2019லயும் வந்துச்சு. இது போதாதுன்னு, வட கரோலினாவுல செம்ராக்னு ஒரு கம்பெனி. அறுபதுகள்ல தொடங்கி எழுபதுகளோட ஆரம்பத்துல மூடினவங்க, 2002ல மறுபடி திறந்து, செஞ்சது என்னன்னா பழைய கிட்டுகளோட நகலைத்தான். யோசிச்சுப் பாருங்க. நீங்க 200 டாலர் குடுத்து வாங்கி வெச்ச ஒண்ணு, நாளைக்குக் காலைல 40 டாலருக்குப் புதுசா கடைக்கு வந்தா? அசல் சேகரிப்பாளர்கள் கொஞ்ச பேர் "இது 1971 அச்சு"ன்னு அப்பவும் வாங்குவாங்க. சும்மா கட்டணும்னு ஆசைப்பட்ட பெரும்பான்மை புதுசுக்குப் போயிரும். ஏலத்துல விலையை ஏத்தி விட்டது அந்தப் பெரும்பான்மைதான்.

வாங்கறவங்க வயசையும் கவனிங்க. இந்தக் கிட்டுக்கு மனசு உருகறவங்க யாரு? 1960, 70கள்ல பத்துப் பன்னெண்டு வயசுல இருந்த அமெரிக்கப் பசங்க. இன்னைக்கு அவங்களுக்கு அறுபது, எழுபதுக்கு மேல. அவங்க கைல காசு இருந்த காலத்துல தேடித் தேடி வாங்கினாங்க, விலை ஏறுச்சு. இனி என்ன ஆகும்? அண்ணனோட முதல் 14 கிட் எப்படிக் கிடைச்சுது, மேல படிச்சீங்க இல்ல? ஒரு தாத்தா இறந்தார், பசங்களுக்கு அது என்னன்னே தெரியல, கராஜ்ல 600 டாலருக்குப் போச்சு. அவருக்கு லாபமா தெரிஞ்ச அந்தச் சம்பவம்தான் எனக்கு எச்சரிக்கை மணியா கேட்டுச்சு. வர்ற இருபது வருஷத்துல அது மாதிரி எத்தனை கராஜ் திறக்கும்? அண்ணனோட பாப்பா காலேஜ் போறதும் அந்தக் காலத்துலதான். விக்கறவங்க கூடி, வாங்கறவங்க குறையற சந்தைல நாம கடைசியா நிக்கக் கூடாது.

பெட்டியோட உடம்பையும் பாருங்க. "பிரிக்கல"ன்னா "கெடல"ன்னு அர்த்தம் இல்ல. பாராசூட்டை இழுத்துப் பிடிக்கற ரப்பர் நாடா வருஷம் போகப் போக இத்துப் போகும். தண்ணில ஊற வெச்சு ஒட்டற ஸ்டிக்கர் மஞ்சளாகும், தண்ணில போட்டதும் துண்டு துண்டா உடையும். பெட்டியைத் திறக்காம இதெல்லாம் தெரியாது. திறந்தா விலை போச்சு. நல்லா இருக்கான்னு பார்த்ததுமே மதிப்பு குறையற ஒண்ணை நான் வேற எந்த சொத்துலயும் பார்த்ததில்ல. பழைய எஞ்சின் இருந்தா அதை விட மோசம். கராஜ்ல வெயில்ல சூடாகி, பனில குளிர்ந்து, உள்ள இருக்கற கருமருந்துக் கட்டி குழாயை விட்டு விலகி விரிசல் விட்டிருக்கும். அதைப் பத்த வெச்சா மேல போறதுக்கு பதிலா வெடிச்சிரும். அண்ணன்கிட்ட இருந்த ரெண்டு டப்பா பழைய எஞ்சினை முதல்ல வீட்டை விட்டு முறையா அப்புறப்படுத்தச் சொன்னேன். அதுக்கு மட்டும் உடனே சரின்னார்.

வரி பத்தி சுருக்கமா. சேகரிப்புப் பொருள்னு வகைப்படுத்தின சொத்துல வர்ற நீண்டகால லாபத்துக்கு அமெரிக்காவுல அதிகபட்சம் 28% வரி, பங்குக்கு அதிகபட்சம் 20%. சொந்த உபயோகப் பொருளை நஷ்டத்துல வித்தா அந்த நஷ்டத்தைக் கழிச்சுக்க முடியாது. இவரோட கிட் எந்த வகைல வரும்னு அங்க இருக்கற சிபிஏதான் சொல்லணும், நான் சொன்னா தப்பு. ஆனா லாபம் வந்தா அரசாங்கத்துக்குப் பங்கு, நஷ்டம் வந்தா முழுசும் உனக்குங்கற நிலைமை வரலாம்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்.

இப்ப குளோன் பக்கம். என் கருத்தை நேரா சொல்லிடறேன். உங்களுக்கு அந்த ராக்கெட் பிடிச்சிருந்தா நகலைக் கட்டுங்க. அசலை வாங்கணும்னு ஆசையா இருந்தா தாராளமா வாங்குங்க, ஆனா செலவுப் பக்கத்துல எழுதுங்க. சினிமா டிக்கெட் மாதிரி. குளோன்ல எனக்குப் பிடிச்சதே அதுதான்: 34 டாலருக்குக் குழாயும் பால்சாவும் வாங்கும்போதே அது செலவுன்னு உங்களுக்கும் தெரியும், வீட்டம்மாவுக்கும் தெரியும். அது உங்ககிட்ட பொய் சொல்லாது. பெட்டி பொய் சொல்லும். ஒவ்வொரு தடவை அலமாரியைத் திறக்கும்போதும் "நான் பாப்பாவோட காலேஜ் ஃபீஸ்"னு சொல்லும்.

குளோன் மலிவுன்னு நான் சொல்ல வரல. அதுலயும் பைத்தியம் பிடிச்சவங்க உண்டு. பழைய பிளாஸ்டிக் உறுப்பை அச்சு அசலா வேணும்னு 3டி பிரிண்டர் வாங்கறது, ஒரு ராக்கெட்டுக்குப் பத்து ராக்கெட்டுக்கான குழாய் வாங்கி அடுக்கறது. அது வேற வகை கையிருப்பு. எனக்கே ஒரு அலமாரில மூணு பழைய ஃபிலிம் கேமரா தூங்குது, அதுல ஒண்ணு ஷட்டரே வேலை செய்யாது. ஏன் வாங்கினேன்னு என் மனைவி கேட்டப்ப "ரேர் பீஸ்"னு சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்பை இங்க எழுத முடியாது.

அசலை வெச்சிருக்கறவங்களை நான் கேலி பண்ணவும் இல்ல. ஒழுங்கான நகல் வேணும்னா யாராவது ஒருத்தர் ஒரு அசலைப் பத்திரமா வெச்சு, ஃபின்னை அளந்து, தாளை ஸ்கேன் பண்ணியிருக்கணும். கார்லைல் செஞ்ச ஆரம்ப மாடல்கள் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல இருக்கு. அது மாதிரி ஆரம்ப காலத்துக் கிட் உங்க கைக்கு வந்தா, ஸ்டைன் நடத்தின மாடல் மிசைல்ஸ் கம்பெனியோட ஏரோபீ-ஹை கிட்னு வெச்சுக்கோங்க, தயவு செஞ்சு கத்தியை எடுக்காதீங்க. ஆனா லட்சக்கணக்குல அச்சடிச்ச எழுபதுகள் கிட்டுக்கு எல்லாம் அந்த மரியாதை தேவையில்ல. இன்னொண்ணு, நகலைக் கட்டறது ஒண்ணு, நகலை அசல்னு விக்கறது வேற. ரெண்டாவது மோசடி.

வீடியோவுல இதைப் பத்தி ஒரு நிமிஷம் பேசினதுக்கே ஒருத்தர், "சிஏங்க எல்லாத்தையும் எக்செல்ல போட்டா சந்தோஷம் எங்கங்க இருக்கும்?"னு கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பதில்: சந்தோஷத்தை எக்செல்ல சொத்துன்னு போட்டது நான் இல்லைங்க, அண்ணன்தான். பாப்பாவுக்கு 11 வயசு. அந்த 14 கிட்ல ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட்னு ஒண்ணு. பெரிய ராக்கெட்டோட முதுகுல ஒரு குட்டி கிளைடர் உக்காந்திருக்கும். உச்சிக்குப் போனதும் பெரியது பாராசூட்ல இறங்கும், குட்டி தனியா பிரிஞ்சு வட்டமடிச்சு இறங்கும். தாத்தா அந்தப் படத்தைக் காமிச்சு "இதை ஒரு நாள் கட்டலாம்"னு பாப்பாகிட்ட சொல்லியிருந்தாராம். நாலு வருஷமா அந்தப் பொண்ணு கேட்டுட்டு இருக்கு. இவர் "தொடாதே சாமி, அது உன் காலேஜு"ன்னு சொல்லிட்டு இருக்கார். இதை அவர் சிரிச்சுட்டேதான் சொன்னார். நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "கேவலமா இருக்குல்ல தம்பி?"ன்னார்.

அப்புறம் நடந்தது இது. 41 கிட்டை மூணு குவியலாப் பிரிச்சோம். 6 கிட், அவருக்கு நிஜமாவே மனசுக்குப் பிடிச்சது, வெச்சுக்கறார். மதிப்பு பூஜ்யம்னு ஷீட்ல போட்டாச்சு. 12 கிட், இன்னைக்கும் அதே மாடல் கடைல புதுசா கிடைக்குது, அதனால பிரிச்சாலும் பெரிசா இழப்பில்ல, அது கட்டறதுக்கு. மீதி 23 மாசத்துக்கு ரெண்டு, மூணுன்னு விக்கறார். மொத்தமா இறக்கினா அவரே அவர் விலையைக் கெடுத்துக்குவார். 529ல மாசம் 250 மறுபடி ஆரம்பிச்சாச்சு. நின்னு போன மாசங்களை விக்கற காசுல நிரப்பறதா பேச்சு.

அந்த ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட்டை மட்டும் பாப்பா முன்னாடியே திறந்தார். ஃபின் தாளை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு மரத்துண்டையும் பேப்பர் மேல வெச்சு பென்சில்ல வரைஞ்சு, எல்லாத்தையும் திரும்ப உள்ள வெச்சுட்டு, புது பால்சாவுல நகல் கட்டினாங்க. ஆறு வார இறுதி ஆச்சு. முதல் தடவை கிளைடர் மூக்குக் குப்புற விழுந்துச்சு, மூக்குல ஒட்டின களிமண் எடை ஜாஸ்தி. கொஞ்சம் கிள்ளி எடுத்துட்டு, 15 அடி தள்ளி நின்னு, அஞ்சுல இருந்து எண்ணி, பாப்பா பட்டனை அமுக்கற 14 விநாடி வீடியோ எனக்கு வந்துச்சு. வீடியோல கிளைடர் தெரியல, வானமும் அண்ணனோட கட்டைவிரலும்தான் தெரியுது. சத்தத்தை வெச்சு நல்லா பறந்துச்சுன்னு புரியுது.

புது ஷீட்டும் கூடவே அனுப்பியிருந்தார். செலவுப் பக்கத்துல ஒரு புது வரி: "ராக்கெட், மாசம் 40 டாலர்." போன மாசம் 63 ஆயிருக்கு. கேட்டா, கிளைடர் பக்கத்து வீட்டுக் கூரைல மாட்டிக்கிச்சாம், இன்னொண்ணு கட்டறாங்களாம்.

அடுத்த வீடியோ எண்டோமென்ட் பாலிசி பத்தி. உங்க பாலிசி பத்திரத்தை எடுத்து வெச்சுக்கோங்க.